காக்கி டவுசரும் மருதாயி வீட்டுப் பானையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்ததாம். கடைசி நாள் அனுபவசாலி ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வந்தேன். பேசப் போகும் முன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு வட்டம், அதில் 'அனுப்புநர்'. வலது பக்கம் ஒரு வட்டம், அதில் 'பெறுநர்'. நடுவில் ஓர் அம்பு, அது 'செய்தி'. கீழே திரும்பி வருகிற அம்புக்கு 'பின்னூட்டம்' என்று பெயர். நடுவில் கோணல்மாணலாகக் கிறுக்கி 'இரைச்சல்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலில் பாதியைத்தான் அன்று பேசித் தீர்க்க முடிந்தது. மீதியை எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

படம் தப்பு என்று சொல்லமாட்டேன். படித்தவர்கள் யோசித்துப் போட்டதுதான். ஆனால் இரண்டு வட்டத்தையும் ஒரே அளவில் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கையில் ரிஜிஸ்தரும் ஸ்டாம்ப் பேடுமாக ஓர் அரசாங்கத்து ஆள் மண்சுவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். அவனும் உள்ளே இருக்கிறவளும் ஒரே அளவு வட்டமா? நீங்களே சொல்லுங்கள். இந்தக் கேள்வியை இருபத்திரண்டு வயதில் யாராவது என் மண்டையில் குட்டிக் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தன. பர்மா அரிசி நின்றுபோய், ஊரெல்லாம் தானியத்துக்குத் தட்டுப்பாடு. பெரம்பலூர் தாலுகா ஆபீசில் உணவு சப்ளைக்கென்று ஒரு பிரிவு திறந்து, எனக்குத் தற்காலிக குமாஸ்தா வேலை கொடுத்திருந்தார்கள். அரியலூரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். 'தற்காலிகம்' என்ற சொல் என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. அதனால் மேலே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் சரி என்பேன். கேள்வி கேட்கிற பழக்கமே எனக்கு இல்லை.

கொடுத்த வேலை எளிதானதுதான். குன்னம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், வீடு வீடாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். நான் எழுதுகிற எண்ணிக்கைப்படி ரேஷன் கார்டு வரும். கார்டுப்படி தானியம் வரும். அச்சடித்த படிவம் ஒன்று தந்தார்கள். அதில் முதல் கேள்வி, 'வீட்டிலுள்ள பெரியவர்கள்: ஆண்கள் எத்தனை பேர்?' பிறகுதான் பெண்கள், பிறகு பிள்ளைகள். இது அரிசிக்காக எடுக்கிற கணக்கு என்று படிவத்தில் எந்த மூலையிலும் இல்லை. படிவம் தயாரித்தவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியுமா என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்போது துணிக்கும் கட்டுப்பாடு. இருந்த வேட்டிகளில் ஒன்று நைந்துவிட்டது, மற்றொன்று சைக்கிள் செயினில் சிக்கிக் கிழிந்துவிட்டது. திருச்சியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் கெட்டியான காக்கித் துணி கொஞ்சம் கிடைத்தது. கடவுளே வழி விட்டார் என்று நினைத்து, ஓர் அரைக்கால் சட்டையும் ஒரு மேல்சட்டையும் தைத்துக்கொண்டேன். தைத்துக் கொடுத்தவர், "அப்படியே துரை மாதிரி இருக்கீங்க சார்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முட்டாள்தனம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கே அவமானம்.

குன்னத்துக்குத் தெற்கே பருத்தியும் சோளமும் விளைகிற மானாவாரிக் கிராமம் ஒன்று. பெயர் வேண்டாம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் காட்டில் ஒன்றும் இல்லை. யாருக்காவது ரேஷன் தேவைப்பட்டதென்றால் அது அந்த ஊருக்குத்தான். காலையில் நான் போய் இறங்கியதும் தலையாரி வந்தார். தலையாரி என்றால் ஊருக்கு அதிகாரிகள் வரும்போது முன்னால் நடந்து வழிகாட்டும் கிராம ஊழியர். கையில் அவர் உயரத்துக்கு ஒரு தடி வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டு முன்னும் தடியைத் தரையில் தட்டி, "ஆபீசர் வந்திருக்காரு, வெளியில வாங்க" என்று குரல் கொடுப்பார். அவருக்குப் பின்னால் நான் காக்கியில் நிமிர்ந்து நடந்தேன்.

வேலை வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வந்தது. யாரும் வாதாடவில்லை, ஒருவரும் 'எதுக்கு' என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள், கிழவர்கள், குழந்தைகள். இளைஞர்கள் ஏறக்குறைய யாரும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்ததா என்கிறீர்களா? வரவில்லை. எத்தனை ஒழுங்கான ஊர் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

மருதாயி வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய அம்மாள், தலையில் பாதி நரை. வாசற்படியில் நின்றபடியே கேட்டேன்.

"வீட்ல ஆம்பளைங்க எத்தனை பேரு?"

"யாரும் இல்லீங்க ஐயா."

"புருஷன்?"

"செத்து எட்டு வருசம் ஆச்சுங்க."

"பையன்கள் இல்லையா?"

அந்த அம்மாள் தலையாரியைப் பார்த்தாள். தலையாரி தன் தடியின் நுனியைப் பார்த்தார்.

"இல்லீங்க ஐயா. இந்த வூட்ல நான் ஒருத்திதாங்க."

ஆள் ஒன்று என்று எழுதினேன். பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினேன். அப்போது கம்பங்கூழ் கொதிக்கிற வாசம் வந்தது. காலையிலிருந்து சாப்பிடாத வயிறு, கண் தானாக உள்ளே போயிற்று. அடுப்பில் ஒரு பானை. ஓர் ஆள் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய பெரிய பானை. அதற்குப் பக்கத்தில் கூழ் குடிக்கிற நான்கு கும்பாக்கள், கழுவிக் கவிழ்த்தவை. இவ்வளவையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு, சூடாக ஒரு வாய் கிடைத்தால் தேவலையே என்று மட்டும் நினைத்தேன். வாய் ஒருத்தி என்கிறது, பானை நாலு பேர் என்கிறது. இதை விடப் பின்னூட்டம் வேறென்ன வேண்டும்? ஆனால் படிவத்தில் பானைக்குக் கட்டம் இல்லையே. நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

ரிஜிஸ்தரைப் பெரம்பலூரில் கொடுத்தேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். ஒரு முழு கிராமத்தில் மீசை முளைத்த ஆண்பிள்ளையே இல்லை என்று நான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஹெட் கிளார்க் பார்க்கிறார், அவருக்கு மேலே இருக்கிறவர் பார்க்கிறார், ஒருவரும் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. ஆள் குறைந்தால் தானியம் குறைவாக ஒதுக்கினால் போதும். எல்லோருக்கும் திருப்தி. 'வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டுள்ளது' என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். அந்தக் குறிப்பை நான் அம்மாவிடம் வேறு சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சில வாரம் கழித்துக் கார்டு போயிற்று, ரேஷன் கடை திறந்தது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. உடனே தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டம். என் பையனை விட்டுவிட்டீர்கள், என் தம்பியை விட்டுவிட்டீர்கள் என்று ஒரே சத்தம். ஒருவர் பதற்றத்தில் தன் மகன் அண்மையில் பிறந்தான் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் அந்த மகன் மீசையைத் தடவிக்கொண்டு நிற்கிறான். ஹெட் கிளார்க் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பொய்த் தகவல் கொடுத்து ரேகை வைத்தவர்கள் மேல் வழக்குப் போடலாம், தெரியுமா என்றார். அவ்வளவுதான். கூட்டம் பனிபோலக் கரைந்துவிட்டது.

மருதாயி மட்டும் போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்றவள், நான் வெளியே வந்ததும் கிட்டே வந்தாள்.

"ஐயா, எனக்கு மூணு பசங்க. மூணு பேரையும் எழுதிக்கங்க."

"அன்னிக்கு இல்லேன்னீங்களே?"

"அன்னிக்கு இல்லேன்னுட்டேங்க. இருக்காங்க. பெரியவன் அங்கமுத்து, உங்க வயசுதான் இருக்கும். ஒரு ஆளு அரிசிய நாலு பேரு எப்படிங்க திங்கிறது?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'ஏம்மா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இந்த அம்மாள் கணக்கு தப்பு என்றால் ஊர்க் கணக்கே தப்பு, ஊர்க் கணக்கு தப்பு என்றால் என் தற்காலிக வேலை போயிற்று. மனத்தில் அது மட்டும்தான் ஓடியது. அதனால், "மனு எழுதிக் கொடுங்க, விசாரணைக்கு ஆள் வரும், அப்ப சொல்லுங்க" என்றேன். சொன்ன ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. ஆபீசுக்கு எதிரே மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் குன்னத்துச் சாலையில் நடந்து போனாள்.

அந்த மனு யாரிடம் விசாரணைக்கு வரும் என்கிறீர்கள்? என்னிடம்தான். ஆனால் வருவதற்குள் என்னை அரியலூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே புதிதாகத் திறந்த ஒரு ரேஷன் கடையில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று அறிவிப்பு ஒட்டியும் ஜனங்கள் தப்பான நாளில் வந்து சண்டை போடுகிறார்கள், போய்ப் பார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். அறிவிப்பைக் கடையின் பலகைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். காலையில் கடை திறக்கும்போது பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே அடுக்கிவிடுவார்கள். கடை மூடியிருக்கும்போதுதான் அறிவிப்பு கண்ணில் படும், கடைக்கு ஆள் வருகிற நேரத்தில் அது பலகையோடு பலகையாக உள்ளே கிடக்கும்.

கடைக்காரரிடம் கேட்டேன். "ஒட்டச் சொன்னாங்க, ஒட்டுனேன் சார். எல்லாரும் படிக்கறாப்பல ஒட்டுன்னு யாரும் சொல்லலியே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை ஒரு மணி நேரம் திட்டினேன். அரிசி என்று சொல்லாமல் ஆள் கணக்கு எடுத்தவன், பலகையில் அறிவிப்பு ஒட்டியவனைத் திட்டுகிறான். இதற்கு மேல் ஒரு கூத்து உண்டா? ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அரியலூரில் இன்று வா, நாளை போ என்று இரண்டு மாதம் இழுத்துவிட்டது. திரும்பி வந்தபோது மருதாயி மனு என் மேஜையில் மற்றக் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதே காக்கிதான், வேறு இல்லை. அதே தலையாரி முன்னால் நடந்தார்.

இந்தத் தடவை மருதாயி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முகம் ஒட்டிப்போயிருந்தது.

"எத்தனை பேரும்மா?"

"நாலு பேரு. நானும் மூணு பசங்களும்."

"பசங்களக் கூப்பிடுங்க, பாக்கணும்."

"ரெண்டு பேரு கெணறு வெட்டுற வேலைக்குப் போயிருக்கானுவ. பெரியவன் இல்ல. பட்டாளத்துக்குப் போயிட்டான்."

"எப்ப போனாரு?"

"போன மாசம். திருச்சிக்கு நடந்தே போயிச் சேந்துட்டான். அங்க மூணு வேளையும் சோறு போடுறாங்கம்மா, நான் போயிட்டா என் பங்கு இவனுங்களுக்கு ஆவும்னான்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலுக்கு மேலே நின்ற என் அரைக்கால் சட்டையைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கு உங்க டவுசரப் பாத்துத்தான் நான் புள்ளைங்கள ஒளிச்சேன். பட்டாளத்துக்குப் புடிச்சுக்கிட்டுப் போவத்தான் வந்திருக்கீங்கன்னு. ஒளிச்சதால சோறு இல்லாமப் போச்சு. சோறு இல்லேன்னு அவனே போயிட்டான்."

அதற்குப் பிறகும் நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். படிவத்தை எடுத்து மூன்று என்று எழுதினேன்.

"நாலுன்னு சொன்னேங்களே?" என்றாள்.

"வீட்ல இருக்கறவங்களத்தாம்மா எழுதணும். வெளியூர்ல இருக்கறவர எழுதக் கூடாது. விதி அப்படி."

"இருந்தப்பவும் எழுதல. இல்லாதப்பவும் எழுத மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். ரேகை வாங்கிக்கொண்டு நான் ஓடாத குறையாக வெளியே வந்தேன்.

ஊர் எல்லை வரைக்கும் பேசாமல் வந்து, அங்கே தலையாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மாவுக்கு மூணு பசங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம இருக்குங்களா? எல்லாம் என் கண்ணு முன்னால வளந்த புள்ளைங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க அந்தம்மாவத்தான கேட்டீங்க. என்னையக் கேக்கலீங்களே சார்."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

"நீங்க வர்றதுக்கு நாலு நாளு முன்னாடி, பட்டாளத்துக்கு ஆள் சேக்கறேன்னு ஒருத்தரு வந்தாருங்க. அவரும் இதே மாதிரி டவுசருதான். அவருக்கும் நான்தான் தடியத் தட்டிக்கிட்டு முன்னால போனேன். அவரும் எடுத்த ஒடனே, வூட்ல ஆம்பளைங்க எத்தனை பேருன்னுதான் கேட்டாரு. வர விருப்பப்பட்டாப் போதும், கட்டாயம் இல்லேன்னாரு. யாரு நம்புறா? நாலாம் நாளு அதே டவுசரு, அதே கேள்வி, கையில மை வேற."

"இது அரிசிக்குன்னு நீங்களாவது ஊருக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கே தெரியாதுங்களே. நீங்க எங்க சொன்னீங்க? எம் மவனையும்தான் சோளத்தட்டைப் போருக்குள்ள ஒளிச்சு வச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் அழுகைதான் வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. உங்கள் படத்தில் இரைச்சல் என்று நடுவில் கிறுக்கியிருக்கிறார்களே, அந்த இரைச்சல் எங்கோ நடுவழியில் இருந்து வரவில்லை. அதை நான்தான் டெய்லரிடம் சொல்லித் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. நாலு நாளைக்கு முன்னால் வேறொருவர் ஆரம்பித்துவிட்டுப் போன பேச்சின் பாக்கியாக அது அவர்கள் காதில் விழுந்தது. அதற்குப் பதிலும் சரியாகத்தான் சொன்னார்கள். நான் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலை, நான் கேட்ட கேள்விக்கு நேராக எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே தாசில்தார் அறைக்குப் போனேன். கதவருகிலேயே நின்று, அந்தக் கிராமத்து ரிஜிஸ்தர் முழுக்கத் தப்பு, தப்பு ஜனங்கள்மேல் இல்லை, என்மேல்தான், எல்லா வீட்டையும் மறுபடி எழுத அனுமதி வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் தப்புன்னு எழுதிக் கொடுப்பியா?"

"கொடுக்கிறேன் சார்."

"உத்தியோகம் போனா?"

"தெரியல சார்."

எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை, மெமோ வந்தது. ஜனங்கள்மேல் வழக்கு எதுவும் வராது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அந்த அறையை விட்டு வெளியே வந்தேன். என் முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் நான் தைரியமாகச் செய்த காரியம் என்று பார்த்தால் அது ஒன்றுதான். அதையும் இரண்டு மாதம் தாமதமாகச் செய்தேன்.

சக ஊழியர் ஒருவரிடம் வேட்டி இரவல் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் தலையாரியை உட்கார வைத்து எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் வீடு வீடாகப் போய், "இது அரிசிக் கார்டுக்கு, வழக்கு எதுவும் இல்ல, எல்லாரையும் சொல்லுங்க" என்றார். சோளத்தட்டைப் போரிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும், வழக்குக்குப் பயந்து மறுபடி ஒளிந்திருந்த ஊரின் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஒரே நாளில் ரிஜிஸ்தர் நிறைந்துவிட்டது. மருதாயி வீட்டில் மட்டும் எண் மாறவில்லை, மூன்றாகவே இருந்தது.

யுத்தம் முடிந்தது. தட்டுப்பாடு முடியவில்லை. கார்டுகளைப் புதுப்பிக்க மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். அதற்குள் எனக்கு வேட்டி பழகிவிட்டது, காக்கியைக் கிழித்துச் சைக்கிள் துடைக்கிற துணியாக்கிவிட்டேன். முதல் வேலையாகத் தலையாரியிடம், எந்த வீட்டில் என்ன விசேஷம், என்ன துக்கம் என்று விசாரித்தேன். மருதாயி பேர் வந்ததும் குரலை இறக்கினார்.

"பெரியவன் பத்திக் காயிதம் வந்துருச்சுங்க சார். பர்மாப் பக்கம் எறந்துட்டானாம். படிச்சுக் காட்டி அஞ்சாறு மாசம் ஆவுது. அந்தம்மா அதப் பத்திப் பேசுறதில்ல. நீங்களும் கேக்காதீங்க."

மருதாயி வீட்டில் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். ஒரு கும்பாவில் கூழ் ஊற்றி, கடித்துக்கொள்ள இரண்டு வெங்காயம் வைத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் நான் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. இந்தத் தடவை வீட்டை நன்றாகப் பார்த்தேன். அடுப்பில் சின்னப் பானை ஒன்று இருந்தது. பெரிய பானை மூலையில் கவிழ்த்துக் கிடந்தது, அதன் அடியில் கரிகூட இல்லை.

பிறகு படிவத்தை எடுத்து, "இது அரிசிக் கார்டுக்கும்மா" என்றேன். "எத்தனை பேருன்னு எழுதட்டும்?"

"நாலு பேரு" என்றாள் மருதாயி. "நானும் மூணு பசங்களும்."

தலையாரி வாசலில் நின்று தன் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதி எனக்குத் தெரியும். வெளியூரில் இருப்பவரையே எழுதக் கூடாது. செத்தவரை எழுதினால் என்ன ஆகும் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நான்கு என்று எழுதினேன். பெயர்க் கட்டத்தில் முதலில் அங்கமுத்து என்று எழுதி, எழுதியதை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நான் அறிந்தே எழுதிய ஒரே பொய்க் கணக்கு அது. விசாரிக்க வேண்டுமானால் இப்போதும் விசாரிக்கலாம், என்னிடம் பதில் இருக்கிறது.

ரேகை வைத்துவிட்டுப் பெருவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன். என் காலிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். அதுவரை என்னை ஐயா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

"மொதத் தடவையே இந்த வேட்டியக் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமுல்ல தம்பி" என்றாள்.